இன்னாசி வீட்டுத் துவைகல்

ஒத்தப்புளிப்பட்டியில் இன்னாசி வீட்டுக் கொல்லையில் கிடக்கும் கறுப்புத் துவைகல்லில் யாருடைய துணியை அடித்துத் துவைத்தாலும், அந்த ஆள் மனதில் எதை மற்ற எல்லாவற்றையும்விடக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கிறாரோ அது அன்றைக்கே அவரை விட்டுப் போய்விடும். போனது திரும்பி வராது. ஊருக்கெல்லாம் தெரிந்த சங்கதி இல்லை இது. அந்த வீட்டுப் பெண்களுக்கு மட்டும் தெரியும். தாய் மகளுக்குச் சொல்வாள், மாமியார் மருமகளுக்குச் சொல்வாள். அதுவும் வந்தவளின் வாய் எப்படிப்பட்ட வாய் என்று ஒரு வருஷமாவது பார்த்துவிட்டுத்தான் சொல்வாள். ஆண்களிடம் மூச்சு விடுவதில்லை. அவர்களுக்குத் தெரிந்தால் பஞ்சாயத்துத் தேர்தல் சமயத்தில் எதிராளியின் வேட்டியைத் திருடிக்கொண்டு கொல்லைப்புறம் வந்து நிற்பார்கள் என்பது அந்தப் பெண்களின் கட்சி. அதில் தப்புச் சொல்வதற்கில்லை.

புதுக்கோட்டையிலிருந்து படித்தவர்கள் சிலர் ஒருமுறை ஜீப்பில் வந்து, கல்லை டேப் வைத்து அளந்து, ஓரத்தில் இருக்கும் கீறல்களைப் போட்டோ எடுத்தார்கள். ஊர்ப் பொட்டலில் புதைந்து கிடக்கும் முதுமக்கள் தாழிகளில் ஏதோ ஒன்றுக்கு மூடியாக இருந்த கல், ஆண்டவர் இயேசு பிறப்பதற்கு முன்பே கொத்தியது என்று சொல்லி, மோர் குடித்துவிட்டுப் போனார்கள். அவர்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். இந்தத் தேசத்துச் சரித்திரத்தில் பாதி இந்தக் கல்லில் அடித்துப் பிழிந்து காயப்போட்டது என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்? வடக்கேயிருந்து குதிரைப்படையோடு வந்த ஒரு தளபதி, சேதுக்கரையில் வாளைக் கழுவாமல் ஊர் திரும்புவதில்லை என்று சபதம் போட்டிருந்தான். கண்மாய்க்கரையில் கூடாரம் அடித்த இடத்தில் அவன் மேலாடையைத் துவைத்துக் கொடுத்தார்கள். மறுநாள் காலை எழுந்து வந்த வழியே போய்விட்டான். குதிரைகளுக்குத் தண்ணீர் போதவில்லை என்று புத்தகத்தில் எழுதிக்கொண்டார்கள். பிறகு ஒரு வெள்ளைக்காரக் கேப்டன் கோட்டை ஒன்றைப் பிடிக்கப் போகிற வழியில் இங்கே தங்கினான். அவன் கால்சட்டை கல்லில் விழுந்த மத்தியானமே பீரங்கிகளைத் திருப்பச் சொன்னான். திரும்பியதற்காக அவனுடைய ஆட்களே அவனை மரத்தில் கட்டிவைத்துச் சுட்டார்கள். குண்டு பாய்கிறவரைக்கும், எதற்காக இவ்வளவு தூரம் வந்தோம் என்று யோசித்துக்கொண்டே நின்றானாம். சமஸ்தானத்தை டெல்லியோடு சேர்க்கவே கூடாது என்று ஒற்றைக்காலில் நின்ற ஓர் அதிகாரி, கேம்ப் வந்த இடத்தில் போட்டிருந்த கோட்டு அழுக்காகி, துவைக்கக் கொடுத்தார். கோட்டு காய்ந்து மடிப்பதற்குள், சேர்ந்தால்தான் என்ன என்று கேட்க ஆரம்பித்துவிட்டார். ஊர்க் கோயிலுக்கு இரண்டு கோபுரம் கட்டுவேன் என்று கிளம்பிய வெளிநாட்டுச் சாமியார் ஒரு கோபுரத்தோடு விட்டதும் இதனால்தான். துவைத்துக் கொடுத்த பெண்களுக்கு எந்த ராஜாவும் ஒரு குழி நிலம்கூடக் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தாலும் ஆண்கள் பெயரில்தான் எழுதியிருப்பார்கள்.

அதனால் அந்த வீட்டில் சாக்கு, ஜன்னல் திரை இப்படி யாரும் உடுத்தாத துணியை மட்டுமே கறுப்புக் கல்லில் அடிப்பார்கள். உடுத்துகிற துணிக்குப் பக்கத்திலேயே சிமெண்டுக் கல் போட்டிருந்தது. இன்னாசி குவைத்துக்குப் போன பிறகு வாஷிங் மெஷினும் வந்துவிட்டது.

இன்னாசியின் மனைவி செபமாலை ஆவூர்ப் பக்கத்திலிருந்து வாக்கப்பட்டு வந்தவள். வாக்கப்பட்டதே ஒரு கூத்து. ஒத்தப்புளிப்பட்டியில் வருஷா வருஷம் பெரிய வெள்ளியன்று பாஸ்கா நடக்கும். ஆண்டவர் பட்ட பாடுகளை மேடை போட்டு நடிப்பார்கள். சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்தெல்லாம் டிராக்டரில் ஆள் வரும். அந்த வருஷம் இயேசுவாக நடித்தவன் இன்னாசி. சிலுவையில் தொங்கியவனைக் கீழே நின்று பார்த்த செபமாலை, கட்டினால் இவனைத்தான் கட்டுவேன் என்று வீட்டுக்குப் போய்ச் சோறு தின்னாமல் கிடந்தாள். சிலுவையில் மாப்பிள்ளை பார்த்தவள் என்று மேலத்தெருப் பெண்கள் இன்றைக்கும் அவளைக் கேலி பேசுவார்கள். கட்டிக்கொண்ட பிறகு சிலுவையைச் சுமந்தது யார் என்று அவர்கள் கேட்பதில்லை. வயிற்றில் தரித்தது தரித்ததாகக் கலைந்துபோய், கடைசியில் தங்கியது சுடர்விழி ஒருத்திதான். அவளைச் செபமாலை இடுப்பிலிருந்து இறக்கவே பல வருஷம் ஆயிற்று. நர்ஸிங் படிக்க அனுப்பிய அன்று ஹாஸ்டல் வாசலில் மயங்கி விழுந்தாள். மகளுக்குத் தலைவலி என்று போன் வந்தால் இவள் மாத்திரை போட்டுக்கொள்வாள். பேச்சுக்குச் சொல்வதில்லை, நிஜமாகவே போட்டுக்கொள்வாள். படிப்பு முடிந்து புதுக்கோட்டையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்து, சுடர்விழி வீட்டிலிருந்தே பஸ்ஸில் போய்வர ஆரம்பித்த பிறகுதான் செபமாலைக்கு உடம்பில் சதை பிடித்தது.

ஊரில் மேலத்தெரு, கீழத்தெரு என்று இரண்டு தெரு. இரண்டுக்கும் ஒரே ஆண்டவர், ஒரே கோயில். கல்லறை மட்டும் நடுவில் சுவர் வைத்துத் தனித்தனி. பாஸ்காவில் இயேசு வேஷம் தலைமுறை தலைமுறையாக மேலத்தெருவுக்கு. சாட்டையடிக்கிற சேவகன், கள்வன், யூதாஸ் இதெல்லாம் கீழத்தெருவுக்கு. மாற்றலாகி வந்த புதுச் சாமியார் இந்த வழக்கம் தெரியாதவர் போலவே, கீழத்தெரு ஜஸ்டினைக் கூப்பிட்டு நீதான் இயேசு என்று சொல்லிவிட்டார். ஜஸ்டின், சுடர்விழி வேலை பார்க்கும் அதே ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீசியன். நல்ல உயரம், கணீர்க் குரல். மேலத்தெரு ஆண்கள் திரண்டு சாமியார் வீட்டுக்குப் போனார்கள். "ஆண்டவரு எந்தத் தெருவுல பொறந்தாருன்னு விசாரிச்சுட்டு வாங்க, மாத்திப்புடுவோம்" என்று சொல்லி அவர் கதவைச் சாத்திக்கொண்டார். முணுமுணுத்துக்கொண்டே திரும்பினார்கள். அப்படியே அடங்கிப் போகிறவர்கள் இல்லை அவர்கள். கமுக்கமாக ஒரு காரியம் செய்தார்கள். அது என்னவென்று அப்போது செபமாலைக்குத் தெரியாது.

அவளுக்குத் தெரிந்தது வேறு. தவக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து அவள் மீன் கழுவிக்கொண்டிருந்தபோது சுடர்விழி பக்கத்தில் வந்து குந்தினாள். "அம்மா, ஈஸ்டர் முடிஞ்சதும் நானும் ஜஸ்டினும் ரெஜிஸ்டர் பண்ணிக்கப் போறோம். ஒன்கிட்டச் சொல்லாமப் போக எனக்கு மனசு வரல."

"எந்த ஜஸ்டினு?" தெரிந்தேதான் கேட்டாள் செபமாலை.

"கீழத்தெரு ஜஸ்டின்தான். ஒனக்குத் தெரியும்."

"ஒஞ் சித்தப்பன் வெட்டிப் போட்டுருவான்டி ஒன்னைய. அவனையுஞ் சேத்து."

அது வெறும் மிரட்டல் இல்லை. இன்னாசியின் தம்பி பீட்டர் குடியை விட்டுப் பல வருஷமாகிறது. குடியை விட்ட பிறகு அவனுக்கு மானம்தான் போதை. பங்காளி வீட்டுப் பெண் ஒருத்தி இப்படித்தான் கீழத்தெருப் பையனோடு போகப் பார்த்தாள். கிணற்றில் கிடந்தாள். தண்ணீர் இறைக்கப் போனவள் தவறி விழுந்தாள் என்று போலீஸில் எழுதிக்கொண்டார்கள். அந்தக் கிணற்றில் மோட்டார் போட்டு வருஷக்கணக்கு ஆகிறது, அங்கே யாரும் தண்ணீர் இறைக்கப் போவதில்லை என்று எழுதியவருக்கும் தெரியும். அன்றைக்குப் பீட்டர் ஈர வேட்டியோடு வீட்டுக்கு வந்து சோறு கேட்டதையும், தான் எடுத்துப் போட்டதையும் செபமாலை யாரிடமும் சொன்னதில்லை. இப்போது மகள் முகத்தை நிமிர்ந்து பார்க்காமல், கழுவிய மீனையே மறுபடி கழுவினாள். பயம் பாதி. கீழத்தெரு வீட்டில் தன் பிள்ளை போய்ச் சோறு தின்னுமா என்கிற அருவருப்பு பாதி. எது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க அவளுக்குத் தோன்றவில்லை. பிள்ளை உயிரோடு இருக்க வேண்டும், தன்னோடு இருக்க வேண்டும். அதற்கு அந்தப் பையன் மனதிலிருந்து மகள் போக வேண்டும். அவ்வளவுதான் அவள் போட்ட கணக்கு.

வழியும் தானாக வந்தது. பாஸ்கா உடுப்புகளை ஒத்திகை முடிந்த பிறகு துவைத்துக் கொடுப்பது மேலத்தெருவில் கூடிச் செபம் சொல்லும் அன்பியத்துப் பெண்களின் முறை. அந்த வருஷம் செபமாலை வீட்டு முறை. புனித வாரத்துப் புதன்கிழமை காலையில் மணி அடிக்கிற கோயில் பிள்ளை உடுப்புப் பெட்டியை டிவிஎஸ்ஸில் வைத்துக் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனார். பிலாத்துவின் போர்வையையும் சேவகர்களின் சிவப்புத் துணிகளையும் அவள் மெஷினில் போட்டாள். அடியில் மடித்து வைத்திருந்த இயேசுவின் வெள்ளை அங்கியை மட்டும் தனியே எடுத்தாள். சுடர்விழி வேலைக்குப் போய்விட்டாள். கொல்லைக் கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டு, கறுப்புக் கல்லைச் சாக்கால் தேய்த்துக் கழுவி, சோப்புப் போட்டு, அங்கியை ஓங்கி ஓங்கி அடித்தாள். அடிக்கும்போது ஜஸ்டினின் முகத்தை நினைத்துக்கொண்டு அடித்தாள். ஒவ்வொரு அடிக்கும் "போ, போ" என்றாள். கைவலி தெரியவில்லை. சின்ன வயதில்கூட இவ்வளவு வெறியாக அவள் எதையும் செய்ததில்லை.

அங்கி கொடியில் சொட்டிக்கொண்டிருக்கும்போதே மேலத்தெரு சூசை வாத்தியார் இறந்துபோனார் என்று கோயில் மணி அடித்தது. நுரையீரல் கெட்டு, டாக்டர்களே கைவிட்ட பிறகும், பேரன் கோயிலில் முதல் நன்மை அப்பம் வாங்குவதைப் பார்த்துவிட்டுத்தான் கண்ணை மூடுவேன் என்று பிடிவாதமாகக் கிடந்தவர். அன்று காலை பேரனை ஒருமுறை பார்த்தார், சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார், முடிந்துவிட்டது. மத்தியானம் அதே தெரு லூர்து, அண்ணனோடு வரப்புக்காக இத்தனை வருஷமாக நடத்திய கேஸை வாபஸ் வாங்கப் போகிறேன் என்று டீக்கடையில் சொன்னான். இதில் என்ன சூதோ என்று பயந்து அண்ணன் குடும்பத்தோடு வீட்டைப் பூட்டிக்கொண்டான். சாயங்காலம் பீட்டரைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து போட்டார்கள். சட்டையெல்லாம் வாந்தி. இத்தனை வருஷமாகத் தொடாமல் இருந்தவன், எதற்காகத் தொடாமல் இருக்கிறோம் என்று தெரியவில்லை என்று சொல்லிக்கொண்டே குடித்தானாம். செபமாலை அப்போதும் எதையும் சேர்த்துப் பார்க்கவில்லை. விளக்கு வைக்கிற நேரத்துக்குக் குவைத்திலிருந்து போன் வந்தது. இன்னாசி அந்தச் சனிக்கிழமை ஒரேயடியாக ஊருக்கு வந்துவிடுவதாக இருந்தான். பெட்டியெல்லாம் கட்டிவிட்டான். வீட்டுக்குப் போகணும், வீட்டுக்குப் போகணும் என்று சொல்லியே பாலைவனத்தில் காலம் தள்ளியவன்.

"நா வரல செபமால" என்றான்.

"ஏங்க? கணக்கு முடிச்சுக் குடுக்கலியா?"

"அதெல்லாம் குடுத்துட்டாக. எதுக்கு வரணும்னு தெரியல. இங்கயே இருந்துக்கிறேன்." குரலில் கோபம் இல்லை, குடி இல்லை, வேறு பொம்பளை வாடையும் இல்லை. விலை விசாரித்துவிட்டு வேண்டாம் என்று நகர்கிறவன் பேச்சு மாதிரி இருந்தது. போனை வைத்துவிட்டான். அதற்குப் பிறகு அவன் பேசவும் இல்லை, வரவும் இல்லை.

சுடர்விழி வேலை முடிந்து வந்தவள், அப்பா சொன்னதைக் கேட்டாள். கொல்லைக்குப் போய் ஈரம் காயாத கறுப்புக் கல்லையும் கொடியில் கிடந்த அங்கியையும் மாறி மாறிப் பார்த்தாள். ஜஸ்டினுக்குப் போன் போட்டுக்கொண்டே தெருப்பக்கம் போனாள்.

பெரிய வெள்ளியன்று பாஸ்கா நடந்தது. ஜஸ்டின் சிலுவையைத் தூக்கிக்கொண்டு மேடையேறியபோது பெண்கள் பக்கத்தில் விசும்பல் கேட்டது. இன்னாசிக்குப் பிறகு இப்படி ஒரு ஆண்டவரைப் பார்க்கவில்லை என்று வெளியூர்க்காரர்கள் பேசிக்கொண்டார்கள். சிலுவையில் ஏற்றிய பிறகும் அவன் கண்கள் கூட்டத்தில் ஒரே இடத்தைத்தான் பார்த்தன. அங்கே சுடர்விழி நின்றுகொண்டிருந்தாள். அங்கியை அந்த அடி அடித்தோமே, இவன் மனது அசையவே இல்லையே என்று நினைத்த செபமாலை, பக்கத்தில் உட்கார்ந்திருந்த அமராவதியிடம், அந்த அங்கி வெளுத்திருக்கா பாரு என்று மட்டும் கேட்டாள். அமராவதி லூர்துவின் மனைவி. ஊர் வம்பெல்லாம் அவள் முந்தானையில் இருக்கும்.

"அது பழசு இல்ல மதினி. நம்ம அப்பன் பாட்டன் போட்ட அங்கிய அவன் ஒடம்புல ஏத்துறதான்னு நம்ம ஆம்பளைக குடுக்கல. கிழிஞ்சு போச்சுன்னு சாமியாருகிட்டப் பொய் சொல்லிட்டாக. அந்தப் பய இலுப்பூருல புதுசாத் தச்சுப் போட்டுருக்கான். பழசு பெட்டியோட ஒங்க வீட்டுக்குல்ல வந்துச்சு?"

மேடையில் ஈட்டியால் குத்துகிற கட்டம் நடந்துகொண்டிருந்தது. செபமாலைக்கு அது கண்ணில் படவில்லை. பழைய அங்கியைப் போட்டவர்கள் யார் யார் என்று மனம் தானாகவே எண்ணியது. சூசை வாத்தியார். லூர்து. பீட்டர். எல்லோருக்கும் மேலாக, தான் கீழே நின்று பார்த்த அன்றைக்கு அதைப் போட்டிருந்த இன்னாசி. என்றைக்கோ உடுத்திய துணியும் கல்லுக்குக் கணக்குத்தான் என்று எந்த மாமியாரும் அவளுக்குச் சொன்னதில்லை, அவர்களுக்கே தெரிந்திருக்காது. அட மாதாவே, என் புருஷனை நானே அடித்துத் துரத்திவிட்டேனே என்று அங்கேயே மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். ஆண்டவருக்காக அழுகிறாள் என்று பக்கத்திலிருந்தவர்கள் தண்ணீர் கொடுத்தார்கள்.

அழுது முடித்தபோது அவளுக்குப் புத்தி தெளிந்ததா என்றால், இல்லை. மறுநாள் சனிக்கிழமை காலையில் மகளுடைய சுடிதாரை எடுத்துச் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, வாளியைக் கறுப்புக் கல்லுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தாள். வைத்தாளே தவிர, கையை உள்ளே விடமுடியவில்லை. பெற்ற பிள்ளை. அந்தப் பயல் நினைப்புத்தான் போகுமா, அதற்கும் மேலே அவள் மனதில் வேறு ஏதாவது இருந்து அது போய்விடுமா? நர்ஸ் வேலை போகுமா? அம்மா என்கிற நினைப்பே போய்விட்டால் என்ன செய்வது? வாளியைப் பார்த்துக்கொண்டே மத்தியானம்வரை உட்கார்ந்திருந்தாள். அந்த வாரம் முழுக்கத் தூங்காத உடம்பு; தலை சுற்றவே, கட்டியிருந்த சேலையை அவிழ்த்துப் போட்டுவிட்டு நைட்டியை மாட்டிக்கொண்டு சற்றுச் சாய்ந்தாள். கண் அசந்துவிட்டது.

சுடர்விழி கொல்லைக்கு வந்து வாளியைப் பார்த்தாள். தன்னுடைய பச்சைச் சுடிதார் நுரைக்குள் மிதந்துகொண்டிருந்தது. அப்படியே கல்லின் மேல் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள். அம்மாவா இப்படி என்று திரும்பத் திரும்ப வாய்விட்டுச் சொன்னாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய், தரையில் கிடந்த அம்மாவின் காவிநிறச் சேலையை எடுத்துவந்தாள். அம்மாவை இப்படி ஆட்டிவைக்கிற அந்தத் தெருப் பித்து ஒன்று ஒழிந்தால் போதும், அதற்குப் பிறகு அம்மா அம்மாவாக இருப்பாள் என்பது அவள் நினைப்பு. ஊறவைக்கக்கூட இல்லை. பச்சைத் தண்ணீரில் முக்கி, உதடு கடித்துக்கொண்டு நாலு அடி அடித்துப் பிழிந்தாள்.

செபமாலை எழுந்தபோது வீடு அமைதியாக இருந்தது. மனதில் இத்தனை நாள் இருந்த பாரத்தைக் காணோம். நன்றாகத் தூங்கினோம் என்று நினைத்துக்கொண்டாள். எதிரே ஈரக்கையோடு ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். சுடர்விழிதான். பெற்றது, வளர்த்தது, ஹாஸ்டல் வாசலில் விழுந்தது எல்லாம் ஞாபகம் இருந்தது. யாரோ சொல்லிக் கேட்ட விஷயம் மாதிரி ஞாபகம் இருந்தது.

"அம்மா, நான் ஜஸ்டின் வீட்டுக்குக் கெளம்பட்டுமா?"

"போயிட்டு வாங்க" என்றாள் செபமாலை. மகளிடம் அவள் வாழ்நாளில் ங்க போட்டுப் பேசியதில்லை. சம்மதம் கிடைத்துவிட்ட சந்தோஷத்தில் சுடர்விழியின் காதில் அது விழவில்லை. கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தாள். செபமாலை முகத்தைத் துடைத்துக்கொண்டு, கறிவேப்பிலை வாடிவிட்டதே என்று அடுப்படிக்குப் போனாள்.

ஈஸ்டர் முடிந்து அவர்கள் பதிவு செய்துகொண்டார்கள். புதுக்கோட்டையில் வாடகைக்கு வீடு எடுத்தார்கள். மேலத்தெருவில் குதித்தவர்கள் குதித்தார்கள்; ஆனால் முன்னால் நின்று அரிவாள் எடுக்கவேண்டிய பீட்டர் பஸ் ஸ்டாப் கொட்டகையில் எழுந்து நிற்கவே ஆள் தேவைப்படுகிற நிலைமைக்குப் போயிருந்தான். அடுத்த மழைக்காலத்தில் ஈரல் வெடித்துச் செத்தான். சுடர்விழி அம்மாவுக்குத் தினமும் போன் போட்டாள். எடுத்தால் செபமாலை பேசுவாள், என்ன, ஏது என்று மகள் கேட்பதற்குப் பதில் சொல்வாள். அங்கேயிருந்து ஒரு கேள்வி வராது. அம்மாவுக்குக் கோபம் ஆறட்டும் என்று சுடர்விழி தன்னைத் தேற்றிக்கொண்டாள். குழந்தை பிறந்த பிறகுதான் ஜஸ்டினோடு ஊருக்கு வந்தாள்.

"வாங்க, ஒக்காருங்க" என்று செபமாலை இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளை எடுத்து வாசலில் போட்டாள். குழந்தையை நீட்டியபோது, "நல்லாருக்குங்க" என்று சொல்லிவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். அப்போதுதான் சுடர்விழிக்கு விளங்கியது, கல் எதை எடுத்துக்கொண்டது என்று. குழந்தையை ஜஸ்டின் கையில் திணித்துவிட்டு அம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டு கதறினாள். "என்னையத் திட்டும்மா. செருப்பக் கழட்டி அடிம்மா. நா செஞ்சது தப்பும்மா."

"எதுக்குங்க? நீங்க என்ன பண்ணுனீக?" என்றாள் செபமாலை. அவளுக்கு அது நிஜமாகவே தெரியவில்லை. அழுகிற பெண்ணைப் பார்க்கக் கொஞ்சம் சங்கடமாக இருந்தது. "இருங்க, காப்பித்தண்ணி போடுறேன்" என்று உள்ளே போனாள்.

கல் கெட்டியாகப் பிடித்ததை மட்டும்தான் எடுக்கும். செபமாலை மகளை அப்படிப் பிடித்திருந்தாள். தெருவை அவள் பிடித்துக்கொண்டிருக்கவே இல்லை. மூச்சுவிடுவதை யாரும் பிடித்துவைத்துக்கொள்வதில்லை, அது பாட்டுக்கு நடக்கும். அதனால் மகள் போய், தெரு இருந்தது. அடுப்படியில் எவர்சில்வர் டம்ளர்கள் வரிசையாகக் கவிழ்ந்திருந்தன. செபமாலையின் கை அவற்றைத் தாண்டிப் போய், கீழத்தெரு ஆட்கள் வந்தால் கொடுப்பதற்கென்று மேலத்தெருவில் எல்லா வீட்டிலும் வாங்கி வைத்திருக்கும் பேப்பர் கப்பில் இரண்டை உருவியது. சர்க்கரை கூடுதலாகவே போட்டாள். ஒன்றை மாப்பிள்ளைக்கும் ஒன்றை மகளுக்கும், கை படாமல், நாற்காலி ஓரத்தில் வைத்தாள்.

சுடர்விழி கப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எடுத்துக் குடித்தாள். மிச்சம் வைக்காமல் குடித்தாள்.

"போகையில கப்ப ரோட்டோரத்துல போட்டுட்டுப் போயிருங்க" என்றாள் செபமாலை.

மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சுடர்விழி வந்துபோகிறாள். பிள்ளை இப்போது நடக்கிறது. செபமாலை நாற்காலி போட்டு, ஊரில் மழை உண்டா, பஸ் கிடைத்ததா என்று விசாரித்து, காப்பி கொடுக்கிறாள். பிள்ளைக்கும் ஒரு சின்னப் பேப்பர் கப்பில் பால் வருகிறது. குடித்து முடித்ததும் அது தன் கப்பைத் தானே எடுத்துக்கொண்டு போய் ரோட்டோரத்தில் போட்டுவிட்டு வருகிறது. நல்ல பிள்ளை, சொல்லாமலே செய்கிறது என்று மேலத்தெருவில் பேசிக்கொள்கிறார்கள்.